ஒன்பது அடி உயிர்வேலிக்கு நீளக்கம்பு பேட்டரி டிரிம்மர்: எதை வாங்குவது, எப்படி வெட்டுவது?

திருநகர் வீட்டில் 50 அடி நீளம், 9 அடி உயரத்துக்கு வளர்ந்துவிட்ட உயிர்வேலி. பாதி காகிதப்பூ, பாதி துராந்தா. 64 வயது அப்பா ஸ்டூல் போட்டு ஏறிக் கைக்கத்தரியால் வெட்டுகிறார். போன மாதம் தவறி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. தரையில் நின்றபடியே வெட்டுகிற பேட்டரி டிரிம்மர் வாங்கலாம் என்று பார்த்தால் 18 வோல்ட், 20, 36, 48, 88 என்று வரிசையாக வருகிறது, எதை வாங்குவது, எத்தனை நிமிடம் ஓடும், எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறீர்கள். வோல்ட் கணக்கைக் கேட்டாலும், அப்பா இனிமேல் ஸ்டூலில் ஏறக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்று படிக்கும்போதே தெரிகிறது. அந்தக் கவலையை முன்னால் வைத்தே பதில் எழுதுகிறேன்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 19 வருடமாகத் தோட்டப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகள், கல்யாண மண்டபங்கள், ஒன்றிரண்டு கல்லூரி வளாகங்கள். எங்கள் ஆட்களுக்கு வேலி வெட்டுவதுதான் பாதி வேலை. ரொம்ப நாள் கைக்கத்தரியும் பெட்ரோல் மெஷினும்தான் ஓடின. கடந்த ஆறு வருடமாகப் பேட்டரியில் ஓடும் நீளக்கம்பு மெஷின் இரண்டு வைத்திருக்கிறோம். நான் சொல்லப்போவதில் அளந்து கணக்குப் பார்த்துத் தெரிந்ததும் உண்டு, கைப்பழக்கத்தில் தோன்றியதும் உண்டு. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெஷினின் குணம். நீளமான குழாயின் நுனியில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு பிளேடு இருக்கும். பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் அது இரண்டு தகடு. சீப்பு மாதிரி பல் வைத்த இரண்டு தகடுகளும் ஒன்றின் மேல் ஒன்று முன்னும் பின்னும் ஓடும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நுழைகிற குச்சியை மட்டும்தான் அது நறுக்கும். வீட்டு உபயோக மெஷின்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர். அட்டையில் 16 மி.மீ. என்று போட்டிருந்தால் அந்தக் கனத்துக் காய்ந்த கட்டையும் போகும் என்று நினைக்கக் கூடாது. சுண்டுவிரல் கனத்தில் பச்சைக் குச்சி என்றால் சிரமமில்லாமல் போகும், அவ்வளவுதான் கணக்கு. காகிதப்பூவின் பழைய தண்டு கட்டைவிரல் கனம் வந்துவிட்டால் பல்லுக்குள் நுழையாது, இல்லையென்றால் நுழைந்து மாட்டிக்கொள்ளும். தொரட்டியில் முருங்கை ஒடித்துப் பழகிய கை உடனே கம்பைப் பிடித்து இழுக்கத்தான் பார்க்கும். மாட்டிய பிளேடை இழுத்து இழுத்தே எங்களிடம் இருந்த ஒரு மெஷினில் கியர் பல் தேய்ந்துபோனது. மாட்டினால் சுவிட்சை விட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, தலையைக் கீழே இறக்கி, குச்சியைக் கையால் எடுக்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒழுங்காக இருக்கிற வேலியை ஒழுங்காகவே வைத்திருக்க இந்த மெஷின் அருமையான துணை. கட்டுமீறி வளர்ந்த வேலியை இழுத்துப் பிடிக்க அதனால் ஆகாது. 9 அடிக்கு வளரவிட்ட காகிதப்பூ என்றால் உள்ளே கட்டைவிரல் கனத்தில் இருபது முப்பது தண்டாவது இருக்கும். மெஷின் வந்த அன்றே அப்பா அதில் இறங்கினால், 'இவ்வளவு காசு கொடுத்து வாங்கியும் வெட்ட மாட்டேங்குதே' என்று மனசு விட்டுப்போவார். அப்புறம் பழையபடி ஸ்டூல்தான். முதல் வெட்டை ஆள் வைத்து வெட்டுங்கள். கைரம்பம், நீளக் கைப்பிடி வைத்த கொப்பு வெட்டும் கத்தரி, சரியான சாய்வு ஏணி இவற்றோடு இரண்டு பேர் வந்தால் ஒரு பகலில் முடித்துவிடுவார்கள். கழித்த முள்ளை அள்ளிப்போட வண்டியும் அவர்களே கொண்டுவரும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பலரும் இதைப் பேசாமல் விட்டுத்தான் வாசலில் முள்ளுக்குவியலோடு நிற்கிறார்கள்.

அந்த முதல் வெட்டிலேயே உயரத்தை ஆறு, ஆறரை அடிக்கு இறக்க முடியுமா என்று யோசியுங்கள். இது என் சொந்த அபிப்பிராயம். தெருவிலிருந்து மாடி ஜன்னலுக்கு மறைப்பு வேண்டும், தூசி வராமல் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். காகிதப்பூ, துராந்தா இரண்டுமே கட்டையில் வெட்டினாலும் துளிர்த்து வருகிற செடிகள், ஆகவே செடிக்குப் பயமில்லை. ஆறடி வேலியாக ஆகிவிட்டால் சாதாரணக் கைப்பிடி டிரிம்மரே போதும். அது எடை குறைவு, விலையும் குறைவு, நீளக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. நீளக்கம்பு மெஷின் கேட்டு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் கொடுத்த பதில் வேலியைக் குறையுங்கள் என்பதுதான். சவுக்கு வேலி என்றால் மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். பழைய கட்டையில் வெட்டினால் சவுக்கு சரியாகத் துளிர்க்காது, மேலே மொட்டையாகவே நின்றுவிடும்.

சரி, உயரம் 9 அடியாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்பு எவ்வளவு நீளம் வேண்டும்? எல்லோரும் உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கையை 4 அடி உயரத்தில் வைத்துப் பிடித்தால் மெஷின் எட்ட வேண்டியது மீதி 5 அடிதான். கம்பை 60 டிகிரி சாய்வில் நிறுத்தினால் அதற்கு 6 அடிக்கும் சற்றுக் குறைவான நீளமே தேவை. தலையை மடக்கி, பிளேடு படுக்கையாக இருக்கும்படி வைத்துக்கொண்டால் மேல்தளம் வெட்டிவிடலாம். ஆக மொத்தம் 7, ஏழரை அடி நீளமுள்ள மெஷின் 9 அடி வேலிக்கு எட்டும். மாட்டிக்கொள்வது அகலத்தில். வேலியின் மேல்தளம் 4 அடி அகலம் இருந்து, பிளேடு ஒன்றரை அடி என்றால், இந்தப் பக்கம் நின்று வெட்டும்போது அந்தப் பக்கத்துப் பாதி அப்படியே நிற்கும். வேலிக்கு அந்தப்புறம் காம்பவுண்டுச் சுவரும் சாக்கடையும் இருந்தால் சுற்றிப் போயும் வெட்ட முடியாது. அப்போது கம்பை இன்னும் நீட்ட வேண்டும், நீட்டினால் கனம் கூடும். அதனால் டேப்பை எடுத்து முதலில் மேல்தள அகலத்தை அளவெடுங்கள். முதல் வெட்டு வெட்ட வரும் ஆட்களிடம் அகலத்தை இரண்டரை அடிக்குக் கொண்டுவரச் சொன்னால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும்.

கனம் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அட்டையில் 'எடை 3.8 கிலோ' என்று பார்த்துவிட்டு, இது என்ன, ஒரு குடம் தண்ணீரில் பாதிகூட இல்லையே என்று வாங்கிவிடுகிறார்கள். நுனியில் இருக்கும் தலை ஒன்றரை கிலோ என்று வையுங்கள். அது உங்கள் பின்கையிலிருந்து 6 அடி தள்ளி இருக்கிறது. முன்கை 2 அடி தள்ளிப் பிடித்திருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி கம்பு படுக்கையாக இருக்கும்போது அந்த ஒன்றரை கிலோ முன்கைக்கு நாலரை கிலோவாகத் தெரியும். குழாயின் எடை தனி. கம்பை நிமிர்த்த நிமிர்த்த இந்தப் பாரம் குறையும், நீட்ட நீட்டக் கூடும். ஆகவே மொத்த எடையைவிட மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். சில மெஷின்களில் மோட்டார் நுனித் தலையிலேயே இருக்கும், சிலவற்றில் கைப்பிடிப் பக்கம் பேட்டரியோடு சேர்ந்து இருந்து, குழாய்க்குள் ஓடும் கம்பி வழியாகப் பிளேடை ஓட்டும். இரண்டாவது வகை மொத்தத்தில் எடை கூடியதாக இருந்தாலும், தராசுத்தட்டு மாதிரி பின்பக்கம் இழுத்துப் பிடிப்பதால் தோளுக்குச் சுகம். 64 வயதுக்காரருக்கு நான் அந்த வகையைத்தான் சொல்வேன்.

கடைக்கு அப்பாவையே அழைத்துக்கொண்டு போங்கள். பேட்டரி மாட்டிய மெஷினைக் கொடுத்து, ஒரு தடவை படுக்கையாகவும் ஒரு தடவை தலைக்கு மேலேயும் ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் கை நடுங்கினால் அந்த மெஷின் அவருக்குச் சரிப்படாது, வேறு பாருங்கள். தோளில் மாட்டும் வார் கூட வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் தனியாக வாங்கியாவது மாட்டிக்கொள்ள வேண்டும். வீங்கிய மணிக்கட்டோடு அவர் இதைத் தொடவே வேண்டாம், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தொடங்கட்டும். மெஷினின் அதிர்வு லேசானதுதான், ஆனால் இருபது நிமிடம் பிடித்துவிட்டு இறக்கி வைத்தால் எனக்கே உள்ளங்கை மரத்துப்போகும்.

இப்போது வோல்ட். இதில் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. லித்தியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகச் சேர்த்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜ் ஏறிய கையோடு அளந்தால் 21. ஒரு கம்பெனி இதை 18 என்று எழுதும், இன்னொரு கம்பெனி '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதும், ஆன்லைனில் மலிவாக வருவது 21 என்று எழுதும். மூன்றும் ஒன்றுதான். பத்து செல் வரிசையாக இருந்தால் 36. அதையே சிலர் '40 மேக்ஸ்' என்பார்கள். '48 வி.எஃப்', '88 வி.எஃப்' என்று எழுதி வருவதைத்தான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். அந்த 'வி.எஃப்' என்பதற்கு மின் அளவில் ஒரு பொருளும் கிடையாது, மாடல் பெயர் மாதிரி ஒட்டிய எழுத்து. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: கூட வரும் சார்ஜரைத் திருப்பி அடியில் ஒட்டிய சீட்டில் 'அவுட்புட்' என்ற வரியைப் படியுங்கள். அங்கே 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே வரிசையில் இருப்பது ஐந்து செல்தான், பெட்டி மேல் 88 என்று போட்டிருந்தாலும் சரி. விற்பனைப் பக்கத்தில் சார்ஜரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே பல நேரம் இது தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 72 வாட்-ஹவர். துராந்தா மாதிரி இளசாக வளர்வதை வெட்டும்போது மெஷின் சுமார் 200 வாட் இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். அட்டையில் 50, 60 நிமிடம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் சும்மா ஓடவிட்டு எடுத்த கணக்கு. 200 வாட் என்பது என் தோராயம். காகிதப்பூ முற்றியிருந்தால் கூடும், பிளேடு மழுங்கியிருந்தால் இன்னும் கூடும். ஆனால் இதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. ஒரு மணி நேர வேலையில் சுவிட்ச் அழுத்தியிருப்பது பாதி நேரம்கூட இருக்காது. நகர்வது, பார்ப்பது, கை ஓய்வு என்று மீதி போய்விடும். 50 அடி வேலிக்கு 18 வோல்ட்டில் 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு இருந்தால் தாராளம். 36 வோல்ட் தினமும் வெட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு. அதன் பேட்டரியே ஒன்றேகால், ஒன்றரை கிலோ வரும். உங்கள் வீட்டுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பேட்டரிக்கு மதுரை வெயில்தான் எதிரி. லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. நல்ல சார்ஜர் என்றால் சிவப்பு விளக்குக் காட்டி மறுத்துவிடும், மலிவானது மறுக்காமல் ஏற்றிக்கொண்டே போகும். சித்திரை மாதம் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்து, இரண்டே வருடத்தில் மூன்று பேட்டரியைக் கெடுத்தவன் நான். இப்போதெல்லாம் வெட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்குள் தரையில் அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம்தான் சார்ஜ் போடுகிறோம். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் முழுச் சார்ஜில் வைக்காமல் பாதிச் சார்ஜில், குளுமையான அறையில் வைத்துவிடுங்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்டீர்கள். ஸ்டில், மக்கிட்டா, போஷ், ஹஸ்க்வர்னா எல்லோருமே பேட்டரியில் ஓடும் நீளக்கம்பு டிரிம்மர் செய்கிறார்கள். இவற்றில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எல்லாவற்றையும் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ஆனால் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது தெரியும்: இந்த மாடலுக்குப் பிளேடு தனியாக வருமா, வந்தால் எத்தனை நாளில் வரும், சர்வீஸ் மதுரையிலேயே நடக்குமா, சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்புவார்களா, இதே பேட்டரி அடுத்த வருடமும் கிடைக்குமா. நான் முதலில் வாங்கிய மெஷின் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லாதது. பிளேடு தேய்ந்ததும் மாற்றுப் பிளேடு கிடைக்காமல் எட்டு மாதம் மூலையில் கிடந்தது. வீட்டில் ஏற்கெனவே ஏதாவது கம்பெனியின் 18 வோல்ட் டிரில் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் டிரிம்மர் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் மெஷின் மட்டும் வாங்கினால் பெரிய தொகை மிச்சமாகும்.

அடுத்து எழுதுவதை அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். வேலிக்கு மேலே மின்கம்பி போகிறதா? போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரும் கணக்கில் சேர்த்தி. போகிறது என்றால் அந்தப் பகுதியில் இந்த மெஷின் வேண்டாம். பேட்டரி மெஷின்தானே, ஷாக் அடிக்காது என்று ஒரு எண்ணம் பலருக்கு இருக்கிறது. பேட்டரியால் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் கையில் இருப்பது ஏழு, எட்டு அடி நீள அலுமினியக் குழாய். அதன் நுனி மேலே போகும் கம்பியில் பட்டால் மின்சாரம் குழாய் வழியாக ஆள் மேல் இறங்கும். பிடியில் இருக்கும் ரப்பர் அதைத் தடுக்கச் செய்யப்பட்டதல்ல. இரும்புத் தொரட்டி கம்பியில் பட்டு உயிர் போனதாகச் செய்தி படிக்காத வருடமே இல்லை. இதுவும் அதே மாதிரிதான். இந்த மெஷின்களின் கையேடுகளில் மின்கம்பியிலிருந்து 10 மீட்டர், 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர்த் தெருக்களில் அந்தத் தூரம் கிடைக்கும் வீடு குறைவு. அதற்காக 'நம்மூரில் இதெல்லாம் நடக்காது' என்று தள்ளிவிடாதீர்கள். கம்பிக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் தாழ்த்தி, தலை உயரத்துக்குள் கைக்கத்தரியால் வெட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். செடி ஏற்கெனவே கம்பியைத் தொட்டுவிட்டது என்றால் நீங்களோ கூலி ஆளோ கைவைக்க வேண்டாம், மின்வாரியத்தின் மின்னகத்துக்குப் புகார் கொடுத்து, சப்ளையை நிறுத்திவிட்டு அவர்கள் ஆட்களே வெட்டட்டும்.

உயிரை வாங்காத, ஆனால் தெருவையே கூட்டிவிடுகிற கம்பிகளும் உண்டு. கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர் எல்லாம் இப்போது காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, செடிக்குள் நுழைந்துதான் போகின்றன. மதுரையில் ஐயர் பங்களா என்ற பகுதியில் ஒரு வேலியை வெட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பையன் மேல்தளத்தில் ஒரே இழுப்பு இழுத்தான். இரண்டு நிமிடத்தில் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, நெட் போயிருச்சு, அங்க என்ன வெட்டுனீங்க?" என்றார். கறுப்பு வயர், காய்ந்த கொடி மாதிரியே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து வேலி வெட்டும் முன்னால் ஒரு மூங்கில் குச்சியால் மேலேயும் பக்கவாட்டிலும் கோதிப் பார்ப்பது எங்களுக்குக் கட்டாயம். அப்போது எத்தனையோ தெரியவரும்: பழைய கட்டுக்கம்பி, சீரியல் பல்பு வயர், துணி காயப்போட்ட கொடிக்கயிறு. கட்டுக்கம்பியில் பட்டால் பிளேடின் பல் தெறித்துவிடும். கொம்புத்தேனீ உள்ளங்கை அகலத்துக்குக் கூடு கட்டியிருக்கும், குளவியும் இருக்கும். குருவிக்கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் நாங்கள் அந்த இரண்டடியை விட்டுவிட்டு வந்து, மூன்று நான்கு வாரம் கழித்து வெட்டுகிறோம். யாரும் சொல்லி வைத்த சட்டமாக இதைச் செய்யவில்லை. வெட்டிவிட்டால் தாய்க்குருவி அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பறப்பதை ஒரு தடவை பார்த்ததே போதும்.

வெட்டும் முறைக்கு வருகிறேன். பக்கத்தை முதலில், மேல்தளத்தைக் கடைசியில். பக்கத்தை வெட்டும்போது கீழிருந்து மேலாக, வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மெதுவாக வீச வேண்டும். கீழிருந்து மேலே வந்தால் வெட்டிய குச்சி தானாகக் கீழே விழுந்து, அடுத்து வெட்ட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். வேலி அடியில் அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் இருக்கட்டும். 9 அடிக்குப் பக்கத்துக்கு முக்கால் அடி உள்வாங்கினால் போதும். மேலே அகலமாக விட்டால் அதன் நிழல் அடியில் விழுந்து, கீழ்க்கிளை இலை கொட்டி, வேலி கால் தெரிய நிற்கும். மதுரையில் நான் பார்க்கிற வேலிகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் கெட்டுப்போகின்றன. மேல்தளத்துக்கு இரண்டு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணளவில் வெட்டினால் கடைசியில் கட்டாயம் சரிந்திருக்கும். தலையின் கோணத்தை மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பிளேடுக்குப் பக்கத்தில் விரல் போகிற வேலை அது. வெட்டுகிற இடத்துக்கு நேர் கீழே நிற்காமல் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். காகிதப்பூ முள் மேலிருந்து விழும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தொப்பி, தோல் கையுறை, மூடிய செருப்பு. ரப்பர் செருப்போடு அந்த முள்ளின் மேல் நடந்தால் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். பத்து நிமிடம் வெட்டினால் ஐந்து நிமிடம் இறக்கி வைக்கட்டும். மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல் மேலோ ஏணி மேலோ ஏறவே கூடாது. நீளக்கம்பு வாங்கியும் 'இன்னும் அரையடிதானே' என்று ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலம் என்று பார்த்தால், கட்டையில் போடுகிற பெரிய வெட்டை ஆவணிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் மதுரையில் சாயங்கால மழை கிடைக்கும், பின்னாலேயே ஐப்பசி மழை வரும், துளிர் வேகமாக வந்துவிடும். பங்குனி, சித்திரையில் கட்டையில் வெட்டினால் உள்ளே நிழலில் இருந்த இலையும் தண்டும் திடீரென்று வெயிலில் வெந்துபோகும். காகிதப்பூ புதுக் கொப்பில் பூப்பது. பூ ஒரு சுற்று முடிந்ததும் லேசாக நுனி வெட்டினால் அடுத்த சுற்று நிறைந்து வரும், பூக்கப்போகும் நேரத்தில் வெட்டினால் அந்தச் சுற்றே போய்விடும். துராந்தா ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால் சுண்டுவிரல் கனத்தைத் தாண்டவே தாண்டாது. அந்த இடைவெளியை விடாமல் பிடித்துக்கொண்டால்தான் இந்த மெஷினுக்கும் அப்பாவுக்கும் வேலை எளிது. காலை 6 மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுவது எங்கள் வழக்கம். இலை பனியிலோ மழையிலோ ஈரமாக இருந்தால் காத்திருங்கள்.

வெட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிளேடைத் துடைக்க வேண்டும். செடியின் சாறு காய்ந்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை இரண்டு தகடும் உரசிச் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, பேட்டரியை மாட்டி ஐந்து விநாடி ஓடவிட்டால் எண்ணெய் பரவிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகும். குச்சியை நறுக்காமல் மென்று துப்பியது போல நார் நாராக விட ஆரம்பித்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம்; ஒவ்வொரு பல்லின் சாய்வு முகத்தையும் தட்டை அரத்தால், ஏற்கெனவே இருக்கும் சாய்வு மாறாமல், ஒரே திசையில் நாலைந்து இழுப்பு இழுத்தால் போதும்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதே கேள்வியோடு வருகிற வேறு ஒருவருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு வெளியே, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் திருகுகள்ளி வேலி நிறைய உண்டு. அதில் இந்த மெஷினை ஓட்டவே வேண்டாம். பிளேடு ஓடுகிற வேகத்தில் பால் சிதறும், அது கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து, பார்வையே மங்கிப்போகும். அரிவாளால் ஒவ்வொரு கொப்பாக, காற்றுக்கு முதுகு காட்டி, கண்ணாடி போட்டு வெட்டுவதுதான் சரி. பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் போக வேண்டும். அரளி வேலியை மெஷினில் வெட்டலாம், ஆனால் கழித்ததை ஆடு மாடு எட்டாத இடத்தில் போட வேண்டும், எரிக்கவும் கூடாது. துராந்தாவின் மஞ்சள் காயும் நஞ்சுதான். பேரக்குழந்தைகள் வந்து போகிற வீடு என்றால் கீழே உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

உங்கள் வேலியை இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். ஒன்று தெருப்பக்கமிருந்து, மேலே போகிற கம்பி தெரியும்படி. இன்னொன்று வீட்டுக்குள்ளிருந்து, மேல்தளத்தின் குறுக்கே டேப்பைப் பிடித்தபடி. மாடியிலிருந்து எடுத்தால் சரியாக வரும், அதற்காக அப்பாவை ஸ்டூலில் ஏற்ற வேண்டாம். அதைப் பார்த்துவிட்டால் கம்பின் நீளத்தையும், எந்தப் பகுதியை மெஷினுக்கு விடலாம், எதைக் கைக்கத்தரிக்கு விட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.